பேட்ச் வந்துவிட்டது, எந்த வழியில் போடுவது?

பெருங்குடி, சிறுசேரி பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் எல்லா சர்வர்களையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வது சாதாரணம். ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை, அதை அடைக்க எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் பேட்ச் கோப்பும் கையில் இருக்கிறது. அவர் என்ன செய்யலாம்?

சோர்ஸை, அதாவது மூல நிரலை இறக்கி, பேட்ச் போட்டு, கம்பைல் செய்வது (ஓடும் நிரலாக மாற்றுவது) பழைய வழி. 1985-இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’ கட்டளை கெட்டிக்காரத்தனமானது. வரி எண் மாறியிருந்தாலும் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அந்த வரிகளே கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் ‘ஃபஸ்’ (தோராயப் பொருத்தம்) என்று சொல்லிவிட்டு ஒட்டிவிடும். எனக்குப் பயம் அங்கேதான்: தவறான இடத்தில் ஒட்டிய பேட்ச்கூடச் சில சமயம் ஒழுங்காகக் கம்பைல் ஆகிவிடும். முதலில் எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் டிரை-ரன் கொடுத்துப் பாருங்கள். நிஜமாகப் போடும்போது ஒட்டாத பகுதிகள் ‘ரெஜ்’ என்று முடியும் கோப்பில் கிடக்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி, கம்பைல் செய்ததை நிறுவும் ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையை அடித்த பிறகு. புதியது பெரும்பாலும் யுஎஸ்ஆர் லோக்கல் என்ற தனி அடைவுக்குள் போய் உட்காரும். சர்வீஸோ பழைய இடத்தில் இருப்பதையே ஓட்டிக்கொண்டிருக்கும். சரி, பழையதன் மேலேயே எழுதிவிட்டால்? டெபியனில் நிறுவியவற்றைக் கணக்கு வைக்கும் டிபிகேஜிக்கு அது தெரியாது. அடுத்த அப்கிரேடு சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டுப் போகும்.

இரண்டாவது வழி, டிபிகேஜி அறிந்த பேக்கேஜாகவே கட்டுவது. அதற்கு முதல் தடவை பொறுமை வேண்டும். ‘ஆப்ட் சோர்ஸ்’ மூலம் டெபியனின் சோர்ஸை எடுத்து, பேட்ச்களை வரிசையாக நிர்வகிக்கும் குவில்ட் வழியாக நம் பேட்சைச் சேர்த்து, பதிப்பு எண்ணின் வாலில் ‘லோக்கல்1’ என்று ஒட்டிக் கட்ட வேண்டும். அந்த வால் முக்கியம். பதிப்பு ‘டெப்12யு1’ என்று முடிந்தால் நம்முடையது அதைவிட ஒரு படி மேலே நிற்கும். அதிகாரபூர்வ ‘டெப்12யு2’ வந்ததும் தானாக வழிவிடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அங்கும் இதே முறை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மட்டும் கட்டாதீர்கள். கம்பைலருக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது வழி, டெபியனே தரும் திருத்தத்துக்குக் காத்திருப்பது. அது சோம்பேறித்தனமில்லை. பாதுகாப்புக் குழு பெரும்பாலும் பழைய பதிப்புக்குள்ளேயே திருத்தத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம்கூட 2017-இல், 6.1 பதிப்பில், கம்பைல் செய்யத் தேவையில்லாத சிஸ்பேட்ச்சைக் கொண்டுவந்தது.

என் கணக்கு: திருத்தம் வரும்வரை தாங்குமென்றால் காத்திருங்கள், தாங்காதென்றால் பேக்கேஜ். நேரடிக் கம்பைல் சோதனை மெஷினோடு நிற்கட்டும். அப்புறம், எந்த வழியில் போனாலும், எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று காட்டும் ‘நீட்ரீஸ்டார்ட்’ ஓட்டிப் பாருங்கள். லைப்ரரியை மாற்றிய பிறகும், ஏற்கெனவே ஓடும் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்வரை நினைவகத்தில் இருக்கும் பழையதைத்தான் பயன்படுத்தும்.