கேப்காம் மீண்ட வழியா, கொனாமி மீளும் வழியா?

2010களில் இந்த இரு ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனங்களும் ரசிகர்களின் நம்பிக்கையை இழந்தன. கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில் 6' (2012) திகிலை ஓரங்கட்டிவிட்டுத் துப்பாக்கிச் சண்டையில் இறங்கியது. பிறகு சொந்த ஊழியர்களே ஆட்டங்களை உருவாக்க உதவும் மென்பொருளான ஆர்.ஈ. எஞ்சினை உருவாக்கினார்கள். 2017இல் ஏழாம் பாகம் அந்தப் பழைய பயத்தை மீட்டது. 2019இல் இரண்டாம் பாகத்தின் மறுஆக்கம் வந்தது. எனக்கு அதுதான் உச்சம்!

கொனாமியிலிருந்து 2015இல் 'மெட்டல் கியர்' தொடரை உருவாக்கிய ஹிடியோ கோஜிமா வெளியேறினார். 'சைலன்ட் ஹில்' திகில் தொடரைத் தொடங்கிய குழுவோ அதற்கு முன்பே கலைந்துவிட்டது. 2024இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' மறுஆக்கம் அருமை. ஆனால் செய்தது போலந்தின் ப்ளூபர் டீம் என்ற வெளி நிறுவனம்.

என் ஓட்டு கேப்காமுக்கே. அடுத்த ஆட்டத்துக்கான எஞ்சினும் அனுபவமும் அவர்களிடமே இருக்கின்றன. கொனாமி முதலில் ஒரு குழுவை வளர்த்தெடுக்க வேண்டும்.