காலர் எலும்பு உடைஞ்சா ஸ்லிங்கா, பிளேட்டா?

போன வருஷம் விடிகாலைல ஈசிஆர்ல சைக்கிள்ல போறப்ப, ஓரமா நின்ன கார் கதவை ஒருத்தர் பட்டுன்னு திறந்துட்டாரு, இடது தோள் தரையில இடிக்க விழுந்தேன், கழுத்துக்கு கீழ தோள் வரைக்கும் போற காலர் எலும்பு ரெண்டா போச்சு. டாக்டர் ரெண்டு வழி சொன்னாரு: கையை கழுத்துலேர்ந்து தொங்கவிடுற ஸ்லிங், இல்லன்னா ஆபரேஷன் பண்ணி எலும்பை சேர்த்து வைக்கிற உலோக பிளேட்.

ஸ்லிங் போட்டா கத்தி படாது, பெரியவங்களுக்கு பெரும்பாலும் 6லேர்ந்து 12 வாரத்துல தானா கூடிடும், நான் இதத்தான் எடுத்தேன், ஆனா மொத ரெண்டு வாரம் மல்லாக்க படுக்கவே முடியல, மூணு தலகாணி அடுக்கி சாஞ்சுக்கிட்டேதான் தூங்குனேன், இருமினா எலும்பு முனை ரெண்டும் நறநறன்னு உரசுறது உள்ளுக்குள்ள தெரியும். கூடின இடத்துல இப்பவும் ஒரு மேடு இருக்கு.

பிளேட் வச்சா கையை சீக்கிரம் அசைக்கலாம், கூடாம போற சான்ஸும் கம்மி. ஆனா தழும்பு, அதுக்கு கீழ மரத்துப்போறது, இன்ஃபெக்ஷன் ரிஸ்க், பேக் பட்டை உறுத்துனா பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

என்னைக் கேட்டா, உடைஞ்ச எலும்பு முனை ஒண்ணு மேல ஒண்ணு 2 செ.மீ.க்கு அதிகமா ஏறி நின்னாலோ தோலை முட்டிக்கிட்டு இருந்தாலோ பிளேட் பத்தி உடனே சர்ஜன்கிட்ட பேசுங்க, மத்தபடி பொறுமை இருந்தா ஸ்லிங் போதும். எதுவானாலும் விரலையும் முழங்கையையும் மொத வாரத்துலேர்ந்தே டாக்டர் சொன்னபடி அசைங்க, நான் பயந்து அசைக்காம விட்டு முழங்கை இறுகிப்போய் ஃபிசியோ டேபிள்ல அழுதேன்.