அரைப் பவுனா, 18 கேரட்டா, வெள்ளியா? கையைக் கடிக்காத கல்யாண மோதிரக் கணக்கு

நிச்சயத்துக்கு ஜோடி மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டிசைனை. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அதற்கு முன் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆத்திர அவசரத்துக்கு இந்த மோதிரம் அடகுக்குப் போகுமா, விரலிலேயே கிடக்குமா? எந்த உலோகம் என்பது பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும்.

4 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் உள்ள, கல் வைக்காத வளைய மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் அளவில் 22 கேரட்டில் ஏறக்குறைய 4 கிராம், அதாவது அரைப் பவுன் வரும். அதே அளவு மோதிரத்தை 18 கேரட்டில் செய்தால் எடை 3.5 கிராம்தான். 14 கேரட்டில் 3 கிராம். தங்கத்தோடு கலக்கும் செம்பும் வெள்ளியும் தங்கத்தைவிட லேசு என்பதால், கேரட் குறையக் குறைய ஒரு கிராமின் விலையும் இறங்குகிறது, எடையும் இறங்குகிறது. கடையில் கிராம் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது லாபத்தைக் கவனிப்பதில்லை.

கணக்கு எளிதாக இருக்க, 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்றும், மூன்றுக்கும் சேதாரம் செய்கூலி சேர்த்து 12% என்றும், ஜி.எஸ்.டி. 3% என்றும் வைத்துக்கொள்வோம்.

22 கேரட் (916), 4 கிராம்: சுமார் 46,100 ரூபாய்
18 கேரட் (750), 3.5 கிராம்: சுமார் 33,100 ரூபாய்
14 கேரட் (585), 3 கிராம்: சுமார் 22,100 ரூபாய்

அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் 18 கேரட்டுக்குச் சில கடைகளில் சேதாரம் கூடுதலாகப் போடுவார்கள். 12% இருக்கும் இடத்தில் 20% போட்டால் மிச்சத்தில் 2,300 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “சேதாரம் எத்தனை பர்சென்ட், செய்கூலி தனியா?” என்பதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2 கிராமுக்குள் எடுக்கும் மோதிரத்தில் இன்னொரு சிக்கல்: கடைக்காரர் குறைந்தபட்சக் கூலி என்று ஒரு தொகை வைத்திருந்தால், சின்ன நகைக்கு அது சதவீதத்தில் பெரிதாக விழும்.

உழைப்பு என்று பார்த்தால் 18 கேரட் முந்துகிறது. 22 கேரட் மென்மையானது. பைக் ஹேண்டில் பிடிப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று தினப்படி வேலையில் மெல்லிய வளையம் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். காசுக்கு ஏற்றபடி எடையைக் குறைத்து 22 கேரட்டில் 1.5 கிராம் மோதிரம் எடுப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அந்தக் காசை 18 கேரட்டில் போட்டால் கனமான வளையமே கிடைக்கும். நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். தாலிக்கொடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும்.

அடகு என்று வந்தால் கதை மாறுகிறது. 22 கேரட்டை எந்த வங்கியிலும் கடையிலும் யோசிக்காமல் வாங்குவார்கள். 18 கேரட்டில் தூய்மைக்கு ஏற்ப மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள். 14 கேரட்டைப் பல இடங்களில் தொடவே தயங்குவார்கள். விற்கப் போனாலும் அப்படித்தான். எனவே சேமிப்பாகவும் இருக்கட்டும் என்பவர்களுக்கு 22 கேரட், கல் இல்லாத வளையம். விரலிலேயே கிடக்கப் போகிறது என்றால் 18 கேரட். 14 கேரட் எடுப்பதானால், அதைச் சொத்துக் கணக்கில் சேர்க்காமல் எடுங்கள்.

எதை எடுத்தாலும் ஹால்மார்க் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரை, தூய்மை எண் (916, 750 போன்றது), ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடான ஹெச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் மோதிரத்தின் உட்பக்கம் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் மோதிரம் இருக்க, திரையில் ‘செயின்’ என்று வந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பது விதியிலேயே உள்ள விலக்கு. மலிவு மோதிரம் தேடுபவர்கள் மாட்டுவது சரியாக அந்த இடத்தில்தான்.

கல் வைத்தது வேண்டுமென்றால் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிக் கல்லுக்குத் தங்க விலை கொடுக்கிறீர்கள். அமெரிக்கன் டைமண்ட் தினமும் போட்டால் கீறல் விழுந்து மங்கும். மாய்சனைட் என்ற வைரம் போன்ற செயற்கைக் கல் கீறலை நன்றாகத் தாங்கும், விலையும் எட்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பார்வைக்கு வைரமேதான். திருப்பி விற்றால் வாங்கிய காசு வராது.

வீட்டில் அறுந்த செயின், ஒற்றைத் தோடு கிடந்தால் அதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. கடைக்குக் கொண்டுபோகும் முன் ஹால்மார்க் மையத்தில் தூய்மை பாருங்கள். நான்கு உருப்படி வரை 200 ரூபாயும் வரியும்தான். அந்தச் சீட்டு கையில் இருந்தால் “இதுல தங்கம் 80 பர்சென்ட்தான் நிக்கும்மா” என்று கடையில் அடித்துவிட முடியாது. பழைய நகையில் அரக்கு அடைத்திருந்தால் எடை ஏமாற்றும். உருக்கிய பிறகு வரும் எடைதான் கணக்கு, அதுவும் உங்கள் கண் முன்னால். பத்தரிடம் கொடுத்துச் செய்தால் கூலி குறையும். ஆனால் அவர் பி.ஐ.எஸ். பதிவு பெற்றவராக இல்லையென்றால் மோதிரத்துக்கு ஹால்மார்க் வராது. நம்பிக்கையான பத்தர் இருந்தால் மட்டும் இந்த வழி.

நகைச் சீட்டு 11 மாதம் கட்டி முடித்தால் சேதாரத்தில் கழிவு கிடைக்கும். கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் பயனில்லை.

பிளாட்டினம் கிராம் விலையில் தங்கத்தைவிடக் குறைவு என்று சொல்லி விற்பார்கள். அடர்த்தி அதிகம் என்பதால் அதே மோதிரம் 4.6 கிராம் ஆகும், கூலியும் ஏறும், திரும்ப எடுக்கும் கடை குறைவு. இறுக்கமான பட்ஜெட்டுக்கு இது வேண்டாம்.

வெள்ளி 925 சில ஆயிரங்களுக்குள் ஜோடியே முடியும். கறுக்கும், துணியால் துடைத்தால் போகும். அதன்மேல் தங்க முலாம் பூசியதை மட்டும் யோசித்து வாங்குங்கள்: சோப்பும் வியர்வையும் படும் விரலில் முலாம் முதலில் உள்ளங்கைப் பக்கம்தான் தேயும், பிறகு திட்டுத்திட்டாகத் தெரியும். ஸ்டீல், டைட்டானியம் இரண்டும் கறுக்காது. விரல் பெருத்தால் அளவு மாற்றுவது கடினம். டங்ஸ்டனில் அது முடியவே முடியாது; கல் தரையில் விழுந்தால் உடையவும் கூடும்.

அளவெடுக்க மாலை நேரம் நல்லது. காலையில் விரல் ஒடுங்கியிருக்கும். வளையம் மூட்டில் லேசாகத் தடுத்து இறங்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் அகலமான மோதிரம் என்றால் அரை அளவு கூட்டி எடுங்கள். பெரிதாக்கும்போது தங்கம் சேர்த்துப் பற்றவைப்பார்கள். அந்த ஒட்டு ஹெச்.யு.ஐ.டி. எண்மேல் விழாமல் எதிர்ப்பக்கம் போடச் சொல்லிவிடுங்கள்.