மேக்புக் ஏரா, திங்க்பேடா?
நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. மேக்புக் ஏர் மடிக்கணினி இயங்க ஆப்பிள் குறிக்கும் வெப்பநிலை 10 முதல் 35 பாகை. லெனோவோவின் திங்க்பேடுக்குக் கீழெல்லை 5. இதற்காக மேக்புக்கை ஒதுக்கத் தேவையில்லை. அந்நேரம் நாமும் கம்பளிக்குள்தானே இருக்கிறோம்! 2020இல் எம்1 சிப்போடு வந்த மாடல் முதல் மேக்புக் ஏரில் மின்விசிறியே இல்லை. மின்வெட்டிலும் பற்றரி நெடுநேரம் தாங்கும்.

பழுது என்று வரும்போதுதான் வித்தியாசம். மேக்புக் ஏரில் ரேமும் (தற்காலிக நினைவகம்) சேமிப்பகமும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. திங்க்பேடின் பெரும்பாலான மாடல்களில் அடிமூடியைத் திறந்து சேமிப்பகமான எஸ்எஸ்டியை மாற்றலாம். விசைப்பலகையில் தேநீர் சிந்தினாலும் பல மாடல்களில் வடிந்தோட வழியுண்டு. மலையகத்தில் இது சின்ன விடயமா? உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு, பாவித்த திங்க்பேடே போதும் என்பேன்.