தூத்துக்குடியில் நல்ல கருவாடு எங்கே வாங்குவது?

இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு இறைச்சி கொண்டுபோகக் கூடாது என்பதால் பாட்டி போடும் உப்புக்கண்டம் லண்டன் வந்து சேர வழியில்லை. மீனுக்கு அந்தத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். அதனால் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் என் பெட்டியில் முதல் இடம் கருவாட்டுக்குத்தான்.

போன தடவை நேரமில்லாமல் டவுனில் ஒரு கடையில் பாக்கெட் போட்ட சீலாக் கருவாட்டை வாங்கிவிட்டேன். (சென்னைக்காரர்களுக்கு அது வஞ்சிரம்.) லண்டனில் பிரித்துப் பார்த்தால் துண்டெல்லாம் ஈரம், ஓரங்களில் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. முழுசையும் கொட்டினேன். பார்த்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்கித் தந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

இந்த ஆடியில் நேரே திரேஸ்புரம் போனேன். நாட்டுப்படகுகள் கரையேறும் இடம். காயவைக்கிற பெண்களிடமே வாங்கலாம். ஒரு அக்கா நெத்திலிக் குவியலைக் காட்டி, "முதல்ல கையில அள்ளிப் பாருங்க தம்பி" என்றார். அள்ளினேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சலசலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது. வெள்ளி மினுமினுப்பு போகவில்லை, தலையும் கழன்றிருக்கவில்லை. வயிறு மஞ்சளித்திருந்தால் சிக்கு வாடை வந்துவிட்டது என்று அர்த்தமாம். அப்புறம் ஒன்றை உடைத்து வாயில் போடச் சொன்னார். மணலில் காயவைத்ததென்றால் பல்லில் நறநறக்கும். இது வலை விரித்துக் காயவைத்தது, ஒரு பொடி மணல் இல்லை.

சீலாவை வயிறு கீறி, கழுவி, உப்பைத் திணித்துத் தொட்டியில் போட்டு வைத்து, பிறகு வெயிலில் போடுகிறார்கள். முதுகுச் சதையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார், குழி விழவில்லை. உப்பு நம்ம ஊர் உப்பளத்து உப்பு, காயவைத்தது ஆடிக் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்வளவு நல்ல மீனும் சரியாகக் காயாது, அப்போது வருகிறவர்கள் ரொம்பப் பார்த்து வாங்குங்கள்.

விலை டவுனைவிடப் பெரிதாகக் குறைவில்லை. மூன்று, நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு. அந்த வெயிலில் அவர்கள் குனிந்து குனிந்து புரட்டிப் போடுவதைப் பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

காற்றை உறிஞ்சி பாக்கெட் போட டவுனில் கடை இருக்கிறது. கருவாடு என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், அடுத்த கடையில் போட்டுத் தருவார்கள். இரண்டு உறை கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். போன சனிக்கிழமை, கத்தரிக்காய் மாங்காய் போட்டுக் குழம்பு வைக்க ஒரு பாக்கெட் நெத்திலியைப் பிரித்தேன். திரேஸ்புரத்தில் அள்ளியபோது கேட்ட அதே சலசலப்பு.