ஹோஸ்டிங் மாற்றும்போது முதலில் மின்னஞ்சல், அப்புறம்தான் இணையத்தளம்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் கேட்டரிங் நடத்தும் என் சித்தப்பாவுக்கு ஒரு .காம்.எஸ்ஜி இணைய முகவரி (டொமைன்) உண்டு. இணையத்தளமும் ஐந்து மின்னஞ்சல் பெட்டிகளும் பல வருடங்களாக ஒரே ஹோஸ்டிங் கணக்கில்தான் (தளத்தையும் மடலையும் வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) ஓடின. போன தீபாவளிக்கு முன் ஒரு நிறுவனத்தின் 300 பேர் விருந்துக்கு விலை எழுதி அனுப்பினார். பதிலே இல்லை. போனில் கேட்டால், "உங்ககிட்ட இருந்து ஒண்ணும் வரலையே அண்ணே, வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார்கள். மடல் அவர்களுடைய ஸ்பேம் (குப்பை மடல்) பெட்டியில் கிடந்திருக்கிறது. அன்று இரவே, "எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திடுப்பா" என்றார்.

மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை, ஒரே ஐபி முகவரியை (இணையத்தில் அந்த சர்வரை அடையாளம் காட்டும் எண்), நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதில் ஒருவருடைய வேர்ட்பிரஸ் தளத்துக்குள் யாரோ புகுந்து ஸ்பேம் அனுப்பினால், ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப் பட்டியலில் அந்த ஐபி ஏறிவிடும். பக்கத்துத் தளம் செய்த தப்புக்கு நம் மடலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும், இல்லையென்றால் திரும்பி வரும். இதை மனதில் வைத்துத்தான் மூன்று வழிகளை எடை போட்டேன்.

முதல் வழி, இன்னொரு உள்ளூர் ஹோஸ்டிங்குக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிப்போவது. ஒரே பில், செலவும் குறைவு. இரண்டு பக்கமும் சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் திரை) என்றால் பழைய மடல்களோடு மொத்தமாக நகர்த்திவிடலாம். ஆனால் வேறு ஐபி, வேறு அக்கம்பக்கம் என்பதைத் தவிர எதுவும் மாறாது. மடலில் ஆர்டர் எடுக்கும் கடைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, தளம் உள்ளூர் ஹோஸ்டிங்கில், மின்னஞ்சல் மட்டும் ஜோஹோ என்ற நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையில். மூன்றாவது, தளம் அதேபோல உள்ளூரில், மின்னஞ்சல் கூகுள் ஒர்க்ஸ்பேஸிலோ மைக்ரோசாஃப்ட் 365இலோ. தளம் சிங்கப்பூர் சர்வரில் இருப்பது நல்லது. அமெரிக்க சர்வர் என்றால் ஒரு தடவை போய்வரவே சுமார் 200 மில்லிவினாடி ஆகும். வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்தத் தீவுக்குள் இருக்கும்போது அந்தத் தாமதம் எதற்கு? மின்னஞ்சலுக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

விலையில் ஜோஹோதான் முன்னால் நிற்கிறது. அதன் ஆரம்பத் திட்டத்தைவிடக் கூகுளின் ஆரம்பத் திட்டம் பல மடங்கு அதிகம். சென்னையில் வேர்விட்ட நிறுவனம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, ஆனால் அதற்காக ஒரு மதிப்பெண்ணும் கூடுதலாகப் போடவில்லை. கூகுளில் பழகிய ஜிமெயில் திரை. ஆரம்பத் திட்டத்திலேயே ஆளுக்கு 30 ஜிபி. அலுவலகமே எக்செல்லிலும் அவுட்லுக்கிலும் ஓடுகிறது என்றால் மறுபேச்சில்லாமல் மைக்ரோசாஃப்ட்தான். அதன் இணையக் கோப்புச் சேமிப்பான ஒன்டிரைவில் ஆளுக்கு 1 டிபி கிடைக்கிறது. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 முதல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் அந்த வரி வந்துவிட்டது, இப்போது அது 9 விழுக்காடு. அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

தரவு வெளிநாட்டில் இருக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இங்கே உள்ளதற்கு ஈடான பாதுகாப்பு அங்கேயும் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு நம்முடையது.

சித்தப்பா கடைக்கு ஜோஹோவை எடுத்தோம். ஐந்து பெட்டிகள், பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பவர்கள், எக்செல் வேலையைக் கணக்கர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். இதே கடையில் பத்துப் பேர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் மைக்ரோசாஃப்ட்டுக்கே போயிருப்பேன்.

எந்த வழியில் போனாலும், சேவையைத் தேர்ந்தெடுப்பதைவிட மாற்றும் விதத்தில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். புது ஹோஸ்டிங்காரர் "நேம்சர்வரை மாற்றுங்கள்" என்பார். நம் முகவரிக்கான தளமும் மடலும் எங்கே போக வேண்டும் என்ற பதிவுகளை வைத்திருப்பது அதுதான். அப்படியே மாற்றினால், பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் பதிவுகள் (மடல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) கூடவே வராது, மின்னஞ்சல் நின்றுபோகும். நேம்சர்வரைத் தொடாமல், தளத்துக்கு அதன் ஐபியைச் சொல்லும் ஏ பதிவையும் மடலுக்கு எம்எக்ஸ் பதிவையும் தனித்தனியாக மாற்றுங்கள். இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை, அதாவது பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்கு இறக்கிவிடுங்கள். மடல் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் அன்றே போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டது.

எங்களைச் சுட்டது வேறொன்று. மின்னஞ்சலை முதலில் மாற்றினோம், தளம் இன்னும் இரண்டு வாரம் பழைய சர்வரில்தான் இருந்தது. தளத்தின் விசாரணைப் படிவத்திலிருந்து ஒரு மடலும் ஜோஹோவுக்கு வரவில்லை. நம் முகவரிக்கான அஞ்சல் தன்னிடமே இருக்கிறது என்று அந்தப் பழைய சர்வர் நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தது. சிபேனலில் மின்னஞ்சல் ரூட்டிங் என்ற இடத்தில் 'லோக்கல்' என்பதை 'ரிமோட்' என்று மாற்றியதும் சரியானது. நான்கு நாள் விசாரணைகளைப் பழைய பெட்டியிலிருந்து தோண்டி எடுத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம்.

இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே பாருங்கள். .எஸ்ஜி முகவரிகளுக்கு சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின் அடையாளம்) மூலம் அடையாளம் உறுதிசெய்யும் முறை உண்டு. தளத்தை முன்பு வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் அது கிடந்தால், வேறு எதையும் தொடுமுன் அதை மாற்றுங்கள்.

பழைய கணக்கை உடனே மூட வேண்டாம், ஒரு மாதமாவது ஓடட்டும். நேம்சர்வரும் அதே கணக்கில் இருந்தால், மூடுமுன் எல்லாப் பதிவுகளோடும் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பெட்டிகளை ஐமேப் (மடல்களை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாகப் பழைய மடல்களோடு நகர்த்துங்கள். மடலைக் கணினிக்கு இறக்கும் பாப் முறையில் எடுத்து வைத்தவை பெரும்பாலும் ஊழியரின் கணினியில் மட்டும்தான் இருக்கும், அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். நிறுவனக் கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டியது சட்டம். பல கடைகளின் இன்வாய்ஸ்கள் மின்னஞ்சலில் மட்டுமே இருக்கின்றன. சித்தப்பாவுடையதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கடைப் பெட்டகத்துக்குள் வைத்த பிறகுதான் பழைய கணக்கை மூடினோம்.