எஸ்சிட்டலோபிராமா, ஃப்ளூஆக்ஸெட்டினா: மலைமேல் இருப்பவனின் கணக்கு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பதற்றத்துக்கும் அதன் பின்னாலேயே வந்த மனச்சோர்வுக்கும் சேலத்து மனநல மருத்துவர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருக்கிறேன். முதல் பதினான்கு மாதம் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாக ஃப்ளூஆக்ஸெட்டின் 20 மில்லிகிராம் என இரண்டையுமே உடம்பில் வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு ஃப்ளூஆக்ஸெட்டின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் மருந்தின் வீரியம் அன்று, நான் குடியிருக்கும் இடம்.

இரண்டும் மூளையில் செரடோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஒரே வகை மருந்துகள். அமெரிக்காவில் ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு 1987-லும் எஸ்சிட்டலோபிராமுக்கு 2002-லும் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், முழுப்பலனுக்கு அதைவிட அதிக நாளாகும். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி, வியர்வை ஆகியவை இரண்டிலும் உண்டு. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் இரண்டிலும் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டு நான் ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்தேன், அது வீண். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. ஒருகாலத்தில் அளவுகடந்த உற்சாகமும் தூக்கமின்மையுமாக இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் பொது. விலையில் பெரிய வேறுபாடு கிடையாது.

இவற்றோடு பலரும் ஒப்பிடுவது, பதற்றத்தை உடனே தணிக்கும் வேறு வகை மருந்தான அல்பிரசோலத்தை. எனக்கும் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் 0.25 மில்லிகிராம் இரவில் கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியதைப் பார்த்து, இதையே தொடரலாமே என்று நானும் ஆசைப்பட்டேன். ஆனால் உடல் பழகிவிட்டால் அதே அமைதிக்கு அதிக அளவு தேவைப்படும், விடுவது கடினம், மறுநாள் காலை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டியவனுக்குத் தூக்கக் கலக்கம் ஆபத்து. அது எச்1 அட்டவணையில், அதாவது விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலில் உள்ள மருந்து. வாங்குபவர் பெயரையும் அளவையும் மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியே அதன் குணத்தைச் சொல்லிவிடும். ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான்.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன்: அட்டையில் மாத்திரை தீர்ந்துபோகும் நாளில் என்ன நடக்கிறது?

ஒரு நவம்பரில் காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது கடைசி எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை ஞாயிறு இரவு போட்டேன். திங்களன்று கீழே இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். அன்று பெய்த மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கலாம் என்றாலும், கூலிக் கணக்கு முடியாமல் அலுவலகத்தை விட்டு நகர முடியவில்லை. இங்கே கடையில் கேட்டதற்கு, வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை மதியம், கணக்குப் பேரேட்டில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்தும்போதெல்லாம் தலைக்குள் சுளீரென்று ஒரு மின்னதிர்ச்சி ஓடியது. கண் அசைந்தால் அதிர்ச்சி, அசையாவிட்டால் இல்லை. கூடவே கிறுகிறுப்பும், காரணமில்லாத எரிச்சலும், இரவில் கலர் கலராகக் கனவும். நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டி அழுதேன். மறுநாள் மாலை தோட்டத்து வண்டி ஓட்டுநர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்ட மறுநாளே அதிர்ச்சி நின்றது.

நோய் திரும்பியிருந்தால் அது வாரக்கணக்கில் மெல்ல ஏறியிருக்கும். விட்ட இரண்டு மூன்று நாளில் வந்து, மாத்திரை போட்டதும் ஓடியிருக்காது. இந்த வேறுபாட்டை மருத்துவர் விளக்கிய பிறகுதான் ‘மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாய்’ என்று வீட்டில் சொன்னதற்குப் பதில் சொல்ல முடிந்தது. ஏக்கமும் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் கட்டாயமும் இங்கே இல்லை. பழகிய மருந்து சட்டென்று விலகுவதற்கு உடல் காட்டும் எதிர்ப்பு மட்டுமே இது.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கை நான் ரசித்தேன், தொழில் அப்படி. எஸ்சிட்டலோபிராம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். மூன்று நாள் விட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃப்ளூஆக்ஸெட்டின் தொடர்ந்து எடுப்பவர்களுக்குப் பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு நாள் ஆகும், அது உடலில் மாறி உருவாகும் நார்ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு அதைவிடவும் கூடுதல் நாளாகும், அதுவும் மருந்தாகவே வேலை செய்கிறது. மூன்று நாள் விட்டாலும் மூன்றில் இரண்டு பங்கு கையிருப்பில் நிற்கும். மலையில் இருப்பவனுக்கு இது கிடங்கில் அரிசி இருப்பதைப் போன்றது. மாற்றிய பின் ஒருமுறை, ஊர்த் திருவிழாவில் நான்கு நாள் முழுக்க மறந்துபோனேன். ஒன்றும் தெரியவில்லை. மறப்பது சரியென்று இதற்குப் பொருளில்லை; மறந்தால் தண்டனை குறைவு, அவ்வளவுதான்.

இந்தக் கையிருப்புக்கு விலையும் உண்டு. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாது. வேறு சில மருந்துகளைக் கல்லீரல் செரிப்பதையும் ஃப்ளூஆக்ஸெட்டின் பலமாகத் தடுக்கிறது. இதயத்துக்கு மெட்டோப்ரோலால், மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென், வலிக்கு டிரமடால் எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். எஸ்சிட்டலோபிராமில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை (ஈசிஜியில் ‘க்யூடி’ இடைவெளி) அளவுக்கேற்ப நீட்டக்கூடியது என்பதால் முதியவர்களுக்குப் பொதுவாக 10 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. தொடக்கமும் எஸ்சிட்டலோபிராமில்தான் மென்மையாக இருந்தது. ஃப்ளூஆக்ஸெட்டினின் முதல் மூன்று வாரம் கால் ஓரிடத்தில் நிற்காத பரபரப்பு. இரவில் போட்டுத் தூக்கம் கெட்டபின் காலை உணவோடு மாற்றிக்கொண்டேன். அப்போது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பது. ஆறு என்றேன். காபித் தோட்டத்தில் இருப்பவனை இரண்டோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதில் பரபரப்பு பாதி குறைந்தது, எந்தப் பாதி மருந்தால், எந்தப் பாதி காபியால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனும் எஸ்சிட்டலோபிராம்தான் எடுக்கிறார். தெருமுனையில் மருந்துக் கடை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அண்ணியே எடுத்துக் கொடுத்துவிடுவார், ஒருநாளும் தவறியதில்லை. ‘நீ மலையை விட்டு இறங்கு, மாத்திரையை ஏன் மாத்துற?’ என்றார். அவர் வரையில் அது சரியான மருந்து; எதிலும் எளிதில் பதறுகிற அவர் சுபாவத்துக்கு ஃப்ளூஆக்ஸெட்டினின் அந்த முதல் மூன்று வாரத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாலூட்டும் தாய்மார்களுக்கு இவை இரண்டையும்விட, இதே வகையைச் சேர்ந்த செர்ட்ராலினை முதலில் பார்ப்பார்கள் என்று மருத்துவர் சொல்லக் கேட்டதுண்டு. அது என் அனுபவத்துக்கு வெளியே உள்ள விஷயம்.

மாற்றியதையும் நானாகச் செய்யவில்லை. எஸ்சிட்டலோபிராமை ஒரு வாரம் 5 மில்லிகிராமாகக் குறைத்து, பின்னர் புதியதைத் தொடங்கினார்கள். இப்போது நன்றாக இருந்து எட்டு மாதமாகிறது. அடுத்த மாதம் ஃப்ளூஆக்ஸெட்டினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைக்கத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எஸ்சிட்டலோபிராமாக இருந்தால் அப்படி இடைநாள் விட்டுக் குறைக்க முடியாது, மாத்திரையைப் பாதி, கால் என்று உடைத்துத்தான் இறக்க வேண்டும் என்றார். பறிப்புக் காலம் முடியட்டும், பிப்ரவரியில் ஆரம்பிக்கலாம் என்று நாள் கேட்டிருக்கிறேன்.